கூம்பு உள்மரை வெட்ட டேப்பா, த்ரெட் மில்லா, லேத்தா?

ஓசூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் நண்பர்கள் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டனர். முதலாமவருக்கு வார்ப்பிரும்பு வால்வு உடல் ஒன்று வந்திருக்கிறது. அதில் 1/2 அங்குல என்.பி.டி. (அமெரிக்க வகைக் கூம்புக் குழாய்மரை) உள்மரை இரண்டு இடங்களில் வேண்டும், மாதம் ஐயாயிரம் உருப்படி. மற்றவருக்கு அலுமினிய வார்ப்பில் 1/8 அங்குல மரை ஒன்று. எண்ணிக்கை அதைவிடக் கூடுதல். இருவரிடமும் வி.எம்.சி. (செங்குத்து ஸ்பிண்டில் உள்ள சி.என்.சி. மில்லிங் இயந்திரம்) இருக்கிறது, சி.என்.சி. லேத்தும் இருக்கிறது. வழக்கம்போல் டேப் (துளைக்குள் திருகி மரை வெட்டும் கருவி) போட்டு முடிப்பதா, த்ரெட் மில் (துளைக்குள் வட்டமடித்து மரை வெட்டும் கருவி) வாங்குவதா, தனியாக ஒரு எஸ்.பி.எம். (அந்த ஒரு வேலைக்கென்றே செய்யும் இயந்திரம்) செய்துகொள்வதா என்பதுதான் இருவருடைய குழப்பமும். விட்டம் மாறாத நேர் மரையில் இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் சைக்கிள் டைமைப் பார்த்தாலே கிடைத்துவிடும். கூம்பு மரையில் அப்படிக் கிடைக்காது. ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் முறைகளுக்குள் போக வேண்டும்.

## கருவி வாங்குமுன் வரைபடம்

என்.பி.டி., பிரிட்டிஷ் வகைக் கூம்புக் குழாய்மரையான பி.எஸ்.பி.டி. ஆகிய இரண்டுக்கும் சரிவு 1:16. அதாவது 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். மரைக்கோணம் என்.பி.டி.யில் 60 பாகை, பி.எஸ்.பி.டி.யில் 55 பாகை. 1/2 அங்குலத்திலும் 3/4 அங்குலத்திலும் இரண்டு வகைக்குமே அங்குலத்துக்கு 14 மரை என்பதால், ஒன்றின் பிளக் மற்றதன் துளையில் இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஏறிவிடும். ஏறிய பிறகு கசியும். இரண்டு வகை டேப்பும் ஒரே டிராயரில் கிடக்கும் பட்டறையில் இந்தத் தவறு என்றாவது ஒரு நாள் நடந்தே தீரும். ஷாங்கில் (டேப்பின் பிடிதண்டில்) ஆளுக்கொரு வண்ணம் பூசி வைப்பது கைகொடுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பி.எஸ்.பி. குடும்பத்துக்கான ஐ.எஸ்.ஓ. 7-1 தரநிலை, கூம்பு வெளிமரைக்கு இணையாகக் கூம்பு உள்மரையை மட்டுமன்றி நேர் உள்மரையையும் அனுமதிக்கிறது. வரைபடத்தில் ஆர்.சி. என்று போட்டிருந்தால் கூம்பு உள்மரை, ஆர்.பி. என்றால் நேர் உள்மரை. பழைய வரைபடங்கள் பலவற்றில் வெறுமனே பி.எஸ்.பி. என்று மட்டும் இருக்கும். அதைப் பார்த்து நாமாகவே கூம்பு என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரின் வடிவமைப்புப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பி, நேர் மரை போதும் என்று எழுத்தில் பதில் வந்துவிட்டால், இந்தக் கட்டுரையில் எஞ்சிய பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. என்.பி.டி. என்று தெளிவாக இருந்தால் அந்த வழி கிடையாது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

கூம்பு மரையில் ஆழமும் விட்டமும் தனித்தனி அளவுகள் அல்ல. துளைக்குள் 1 மி.மீ. கூடுதலாகப் போனால் விட்டம் 0.0625 மி.மீ. பெரிதாகும். கேஜும் அப்படித்தான் அளக்கிறது: பிளக் கேஜை (மரை உள்ள அளவுக் கட்டையை) கையால் இறுக்கினால் அதன் குறி உருப்படியின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும், ஒரு சுற்று கூடவோ குறையவோ இருக்கலாம். 1/2 அங்குல என்.பி.டி.யில் ஒரு சுற்று 1.814 மி.மீ. என்பதால் கேட்கும்போது தாராளமாகத் தெரியும். 1/8 அங்குலத்தில் அது 0.94 மி.மீ. மட்டுமே. இந்தச் சலுகையில், முகம் வேறொரு செட்டிங்கில் வெட்டப்படுவதால் வரும் ஏற்ற இறக்கம், ஃபிக்சரில் (உருப்படியைப் பிடிக்கும் அமைப்பில்) சீவல் அகப்பட்டுத் தூக்கிய உயரம், கருவித் தேய்மானம் ஆகிய எல்லாமே பங்கு கேட்கும்.

எனவே நான் முதலில் பார்ப்பது, அளவு நழுவும்போது அதை எந்த ஆஃப்செட்டில் (இயந்திரத்தில் அடிக்கும் திருத்த எண்ணில்), எவ்வளவு நம்பிக்கையோடு திருத்த முடியும் என்பது. அடுத்தது, கருவி உடைந்தால் உருப்படி பிழைக்குமா என்பது. சைக்கிள் டைம் மூன்றாவது. கருவி விலை அதற்கும் பிறகு. ஏனென்றால் விலையை எல்லோரும் தாமாகவே கணக்குப் போட்டுவிடுவார்கள், முதல் இரண்டைத்தான் யாரும் போடுவதில்லை.

## டேப்

சாதாரண நேர் டேப்பில் முன்பக்கச் சரிவில் உள்ள சில பற்கள் மட்டுமே வெட்டும், பின்னால் உள்ளவை வழிகாட்டும். கூம்பு டேப்பில் துளைக்குள் இறங்கிய ஒவ்வொரு பல்லும் கடைசிச் சுற்று வரை வெட்டிக்கொண்டே இருக்கும். அதனால் முறுக்குவிசை ஏறிக்கொண்டே போய், டேப் நிற்கும் தறுவாயில் உச்சத்தை அடைகிறது. அந்த உச்சத்தில்தான் ஸ்பிண்டில் நின்று திரும்பவும் வேண்டும். சிறிய கருவிப்பிடியான பி.டி.30 ஸ்பிண்டில் உள்ள இயந்திரத்தில் 1/8 அங்குலம் தடையின்றி ஓடும், 1/2 அங்குலம் எஃகில் திணறும். இயந்திரத்தின் கையேட்டில் அந்த வேகத்துக்கான முறுக்குவிசை எவ்வளவு என்று பார்க்காமல் ஆர்டரை ஒப்புக்கொள்வது வம்பு.

முன்துளை பற்றி ஒரு கணக்கு. நேர் டிரில்லால் துளையிட்டு நேரடியாக டேப் போட்டால், 15 மி.மீ. ஆழத்தில் முகப்பக்கத்தில் ஆரத்துக்கு 0.47 மி.மீ. உலோகம் கூடுதலாக நிற்கும். 1/2 அங்குல என்.பி.டி. மரையின் முழு உயரமே அதிகபட்சம் 1.45 மி.மீ.தான். அதாவது மரைக்கு மேல் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு ஆழத்தை டேப்பே தின்ன வேண்டியிருக்கிறது. 1:16 சரிவுள்ள ரீமரையோ (துளையைச் சீராக்கும் கருவியையோ) கூம்பு டிரில்லையோ இடையில் நுழைத்தால் சில விநாடிகள் கூடும்; டேப்பின் ஆயுள் அதைவிட அதிகம் கூடும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்கள் நீக்கப்பட்ட டேப்பும் உண்டு. உரசல் குறைவதால் எஃகிலும் எஸ்.எஸ்.ஸிலும் (துருப்பிடிக்காத எஃகு) அது நன்றாக வேலை செய்கிறது.

நேரம்: வார்ப்பிரும்பில் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகம் என்றால் 1/2 அங்குலத்துக்கு ஏறக்குறைய 152 சுற்று (1/2 என்பது குழாயின் பெயரளவு; மரையின் விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ.). அணுகு தூரமும் சேர்த்து 20 மி.மீ. போய்த் திரும்ப 8.7 விநாடி ஆகும். வேகத்தை 6 மீட்டருக்குக் குறைக்க நேர்ந்தால் 14.5 விநாடி. டேப்தான் வேகமானது என்ற பொதுநம்பிக்கை பெரிய கூம்பு மரையில் பொய்த்துப்போவது இதனால்தான். 1/8 அங்குலத்தில், அலுமினியத்தில், 15 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்ப வெறும் மூன்று விநாடி. அங்கே அதை வெல்வது கடினம்.

அளவு திருத்துவது எளிது: கேஜ் 0.3 மி.மீ. வெளியே நின்றால் ஆழத்தை 0.3 மி.மீ. கூட்டினால் போதும். ஆனால் முனையைச் சாணை பிடித்த டேப்பை மாட்டும்போது பழைய ஆழம் செல்லாது. சிறு விட்ட முனை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இது நடந்தால் ஐம்பது உருப்படி கேஜில் தோற்ற பிறகுதான் தெரிய வரும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, உடைந்த டேப். கூம்பு டேப் உச்ச விசையில் நிற்கும்போதுதான் உடைகிறது என்பதால் இறுகிய நிலையிலேயே உடையும்; எல்லாச் செயல்முறையும் முடிந்த வால்வு உடலைத் தூக்கிக்கொண்டு ஸ்பார்க் எரோஷனுக்கு (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் முறை) அலைய வேண்டும், பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டை வரை போன நாட்களும் உண்டு. இரண்டாவது மின்தடை. டேப் துளைக்குள் இருக்கும்போது மின்சாரம் போனால், ஸ்பிண்டிலும் இசட் அச்சும் ஒத்திசைவு இழந்து நிற்கும். டேப்பை மீட்டெடுக்கும் வசதி உங்கள் கன்ட்ரோலில் உண்டா, ஆபரேட்டருக்கு அதை இயக்கத் தெரியுமா என்பதை ஆர்டர் எடுக்கும் முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மூன்றாவது, நின்ற இடத்தின் தடம். டேப் நின்று திரும்பும் கணத்தில் ஒவ்வொரு வெட்டுமுனையும் மரையின் பக்கத்தில் ஒரு சிறு படியை விட்டுச் செல்லும். கசிவடைக்கும் நாடாவோ பேஸ்ட்டோ போட்டு இறுக்கும் இணைப்பில் அது மறைந்துவிடும். உலோகம் உலோகத்தோடு பொருந்தியே கசிவைத் தடுக்க வேண்டிய என்.பி.டி.எஃப். மரையில் அதே படி கசிவுக்கு வழியாகும்.

## த்ரெட் மில்

இங்கே கருவி துளையைவிடச் சிறியது. துளைக்குள் இறங்கி, சுவரைத் தொட்டு, ஒரு முழு வட்டம் சுற்றி, அந்த ஒரே சுற்றில் ஒரு பிட்ச் (ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கான தூரம்) மேலேறி வெளியே வருகிறது. வலக்கை மரை என்றால் கீழிருந்து மேலாக, இடஞ்சுழியாக. சீவல் துண்டு துண்டாக உதிர்வதால் அடைபட்ட துளையிலும் சிக்காது. கருவி உடைந்தால் துண்டு துளையில் தளர்வாகத்தான் கிடக்கும். உருப்படி பெரும்பாலும் தப்பிவிடும். மின்சாரம் போனாலும், கருவியை நடுப்பக்கம் நகர்த்தித் தூக்கிவிடலாம்.

நேரக் கணக்கில் பலரும் தடுக்கி விழும் இடம் ஃபீடு, அதாவது கருவி நிமிடத்துக்கு நகரும் தூரம். 15.5 மி.மீ. விட்டமுள்ள நான்கு பல் கார்பைடு கருவி, 100 மீட்டர் வேகத்தில் 2,054 சுற்று, பல்லுக்கு 0.08 மி.மீ. என்றால் வெட்டுமுனையில் ஃபீடு 657 மி.மீ. ஆனால் இயந்திரம் ஓட்டுவது கருவியின் மையத்தை. மையம் சுற்றும் வட்டம் சிறியது. 21 மி.மீ. துளையில் 5.5-ஐ 21-ஆல் வகுத்துப் பெருக்கினால் மையத்தின் ஃபீடு 172 மி.மீ.தான். 657-ஐ அப்படியே புரோகிராமில் போட்டு, பல்லுக்கு நான்கு மடங்கு சுமை ஏற்றி, முதல் துளையிலேயே கருவியை உடைத்துவிட்டு, த்ரெட் மில் நமக்குச் சரிப்படாது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. சரியான ஃபீடில் சுற்றுக்கு 6 விநாடி, நுழைவும் வெளியேற்றமும் சேர்த்தால் ஏழு முதல் எட்டு விநாடி. 1/2 அங்குல வார்ப்பிரும்பில் இது டேப்புக்குச் சமம் அல்லது அதைவிடக் குறைவு.

கூம்பு மரைக்கே உரிய நுணுக்கம் ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கருவி ஒரு பிட்ச் மேலேறும்போது துளையின் ஆரமும் பெரிதாகிறது. பிட்சில் 32-இல் ஒரு பங்கு, அதாவது 14 மரைக்கு 0.057 மி.மீ. கருவிப்பாதையும் அந்த ஒரு சுற்றில் அந்த அளவு விரிய வேண்டும். நேர் மரைக்கான சாதாரணச் சுருள்பாதையையே கூம்புக் கருவிக்கும் கொடுத்துவிட்டால், மரை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும் கோட்டில் 0.057 மி.மீ. படி ஒன்று, மேலிருந்து கீழ் வரை எல்லா மரையிலும் ஒரே கோட்டில் நிற்கும். கேஜ் அதைப் பிடிக்காது. விரல் நகத்தால் வருடினால் தட்டும். கசிவுச் சோதனையில் குமிழி அந்தக் கோட்டின் வழியாகவே வரும். சில கன்ட்ரோல்கள் கூம்புச் சுருளை நேரடியாக ஏற்கும்; ஏற்காதவற்றில் வட்டத்தை நான்கு கால் வட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஆரத்தைச் சிறிது கூட்டி எழுத வேண்டும். கருவி விற்பவர்கள் இந்தப் புரோகிராமை ஆக்கித் தருவார்கள். அதில் ஆரம் விரிகிறதா என்று நீங்களும் ஒருமுறை எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு திருத்தத்தில் இந்த முறைக்கு நிகர் இல்லை, கவனக்குறைவுக்கு அது கொடுக்கும் தண்டனைக்கும் நிகர் இல்லை. ஆர ஆஃப்செட்டில் 0.01 மி.மீ. மாற்றினால் விட்டம் 0.02 மாறும், கேஜ் 0.32 மி.மீ. நகரும். கருவி தேயத் தேயக் கேஜ் மெல்ல வெளியே நிற்கத் தொடங்கும். இரண்டு மூன்று நூறாவதுகளை அவ்வப்போது கொடுத்து முழு ஆயுளையும் பயன்படுத்தலாம். 0.01 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 0.1 அடித்தால் கேஜ் 3.2 மி.மீ. நகர்ந்து உருப்படி குப்பைக்குப் போகும். ஆஃப்செட் மாற்றும் அதிகாரத்தை ஷிஃப்டுக்கு ஒருவரிடம் மட்டும் வைத்திருப்பது நல்லது.

செலவுப் பக்கம்: ஒரு கார்பைடு த்ரெட் மில்லின் விலைக்குப் பல ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டேப்கள் வாங்கலாம். ஆனால் 1/2, 3/4 இரண்டுக்கும் ஒரே பிட்ச் என்பதால், வெட்டும் நீளம் போதுமானால் ஒரே கருவி இரண்டையும் வெட்டும். 1/8 அங்குலத்தில் இந்தச் சாதகங்கள் சுருங்கிவிடுகின்றன: கருவி மெலிந்து, ரன்-அவுட் (சுழலும்போது மையம் விலகல்) சற்று இருந்தாலே ஒரு பல் மட்டும் சுமை ஏற்று உடைகிறது.

## லேத்தில் இன்சர்ட்

இன்சர்ட் என்பது பிடியில் மாட்டும் சிறு வெட்டுத் துண்டு. அடாப்டர், நிப்பிள் போல உருப்படி எப்படியும் லேத்தில்தான் பிறக்கிறது என்றால், மரைக்காக அதை வேறு இயந்திரத்துக்குத் தூக்கிப் போவது வீண். முகமும் மரையும் ஒரே பிடிப்பில் வெட்டப்படுவதால், ஆழத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மறைந்தே போகிறது. கூம்பு முன்துளையை போரிங் பார் (துளையைப் பெரிதாக்கும் தண்டுக் கருவி) இலவசமாகவே செய்து தருகிறது. 1/2 அங்குலத்தில் பன்னிரண்டு பாஸ் என்றால் மொத்தம் 15 விநாடியைத் தொடலாம். உருப்படியை மாற்றிப் பிடிக்கும் நேரம் இல்லை என்பதால் அது பெரிய குறையல்ல. நீண்ட சீவல் துளைக்குள் சுற்றிக்கொள்வதும், சிறிய துளையில் மெல்லிய பார் அதிர்வதும்தான் தொல்லைகள். 1/8 அங்குலத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேத்தில் மரை வெட்டும் கட்டளைகளான ஜி92-இலோ ஜி76-இலோ சரிவைக் குறிக்கும் ஆர் மதிப்பில் நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். எஃகு அடாப்டர், மரை ஆழம் 15 மி.மீ., கருவி முகத்துக்கு 5 மி.மீ. வெளியிலிருந்து புறப்படுகிறது. ஆர் மதிப்பை 15-ஐ 32-ஆல் வகுத்து 0.469 என்று போட்டுவிட்டேன். கருவி உண்மையில் ஓடுவது 20 மி.மீ.; போட வேண்டியது 0.625. விளைவாகச் சரிவு 1:16-க்குப் பதில் 1:21 ஆகிவிட்டது. ஆஃப்செட்டைத் திருத்தித் திருத்திக் கேஜைச் சமமாக நிற்க வைத்துவிட்டதால் எல்லாமே தேறின. பொருத்திய இடத்தில் கசிந்து, பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தபோதுதான், கேஜில் நீலம் தடவித் திருகிப் பார்த்தேன். வாய்ப்பக்கத்து முதல் இரண்டு மரையில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது, உள்ளே கேஜ் லேசாக ஆடியது. அன்று முதல், எந்த முறையாக இருந்தாலும் முதல் உருப்படிக்கு நீலம் தடவாமல் நான் உற்பத்திக்கு அனுமதி கொடுப்பதில்லை.

## சுருங்கும் டேப்

1 அங்குலமும் அதற்கு மேலும், ஒரே அளவு, ஒரே உருப்படி, ஆண்டு முழுவதும் என்றால் மட்டும் இதைப் பேசலாம். தலைக்குள் தனித்தனிச் சேசர்கள் (மரை வெட்டும் பற்துண்டுகள்) இருக்கும்; கூம்பு மரைக்கான வகையில் அவை உள்ளே போகப் போக மெல்லப் பின்வாங்கி, முடிவில் முழுதும் சுருங்கிவிடும். டேப்பைத் திருப்பிச் சுழற்றாமல் நேராக வெளியே இழுக்கலாம் என்பதால் திரும்பும் நேரமும் நிற்கும் தடமும் இல்லை. சேசர்களைச் சாணை பிடித்து மீண்டும் மாட்டலாம். பைப் ஃபிட்டிங் செய்பவர்களுக்கு இது பழகிய கருவி. ஜாப் ஒர்க் பட்டறைக்கு, அந்த ஒரு ஆர்டர் நின்றுபோனால் எஸ்.பி.எம். மூலையில் தூங்கும்.

## ஒரே பார்வையில்

| முறை | 1/2 அங்குலம், வார்ப்பிரும்பு: தோராய நேரம் | கேஜை 0.3 மி.மீ. நகர்த்த | உடைந்தால் |
|---|---|---|---|
| டேப் | 9 முதல் 15 விநாடி | ஆழத்தில் 0.3 மி.மீ. | உருப்படி போகலாம் |
| த்ரெட் மில் | 7 முதல் 8 விநாடி | ஆரத்தில் 0.01 மி.மீ. | பெரும்பாலும் தப்பும் |
| லேத் இன்சர்ட் | 15 விநாடி அளவில் | விட்ட ஆஃப்செட்டில் 0.02 மி.மீ. | இன்சர்ட் மட்டும் |
| சுருங்கும் டேப் | திரும்பும் நேரம் இல்லை | ஆழ நிறுத்தம் | சேசர் மாற்றம் |

நேரங்கள் மேலே சொன்ன வேகங்களுக்குப் போட்ட கணக்கு. முன்துளை, கருவி மாற்றம் இவற்றில் சேரவில்லை. கேஜ் போடும் நேரமும் சேரவில்லை. ஐந்தாறு சுற்று கையால் ஏற்றி இறக்க, மரை வெட்டுவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்பதை விலைப்புள்ளி கொடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

## அந்த இருவருக்கும்

வால்வு உடல்காரருக்கு த்ரெட் மில். இயந்திரத்துக்கு மணிக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டேப் 6 மீட்டர் வேகத்தில் ஓடும் நிலையோடு ஒப்பிட, துளைக்கு 7 விநாடி மிச்சம் 1 ரூபாய் 17 காசு. மாதம் பத்தாயிரம் துளைக்கு 11,700 ரூபாய் அளவில் வரும். டேப்பை 10 மீட்டரில் ஓட்ட முடிந்தால் இந்த மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்போதும் என் பதில் மாறாது. எல்லா வேலையும் முடிந்த வார்ப்புக்குள் டேப் உடைவதை இரவு ஷிஃப்டில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. முன்துளையைக் கூம்பாகவே இடச் சொன்னேன். மரை வெட்டும் அதே செட்டிங்கில் முகத்தையும் ஒரு முறை துடைத்து வெட்டச் சொன்னேன்.

அலுமினியக்காரருக்கு டேப்பே போதும். துளை அடைபட்டதாக இருந்தால் சுருள் பள்ளமுள்ள டேப், நல்ல செறிவில் கூலன்ட். அவருக்கு ஒரு மி.மீ.க்கும் குறைவான சலுகைதான் என்பதால், சேம்ஃபரை (துளை வாயின் சரிவு விளிம்பை) மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்: சேம்ஃபர் மரையின் பெருவிட்டத்தைத் தாண்டினால், கேஜை முகத்திலிருந்து படிப்பதா, சேம்ஃபரில் தெரியும் கடைசி மரைத் தடத்திலிருந்து படிப்பதா என்று வாடிக்கையாளரின் ஆய்வாளருக்கும் இவருக்கும் வழக்கு வரும். அந்த வாய்விட்டத்தை வரைபடத்தில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வார்ப்பு நுண்துளை வழியாகக் கசிந்தால் பழி மரையின் மீதுதான் விழும் என்பதால், மரை வெட்டிய முதல் நூறு உருப்படிகளைத் தண்ணீரில் மூழ்க வைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, குமிழி மரையிலிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா என்று தனித்தனியாகக் குறித்து வைக்கவும் சொன்னேன்.